ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் வீண் செலவை நிறுத்த ஒன்பதரை வழிகள்

இது கதையாகப் பிறந்திருக்கவே வேண்டாம். ஒரு மாத இதழின் ஆசிரியர் அமலராணி ஏப்ரல் மாதம் என்னைப் போனில் அழைத்து, "மேடம், ஜூன் இதழுக்கு டிப்ஸ் பக்கம் வேணும். வீட்டுல வீணாப் போற பணத்த நிறுத்தறது எப்படின்னு. பத்து வழி, ஒவ்வொண்ணும் நாலு வரி. கதை கிதைன்னு ஆரம்பிச்சுடாதீங்க" என்றார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

நானும் நல்ல பிள்ளையாகத்தான் உட்கார்ந்தேன். ஒரு வழி எழுதினேன். அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை. ஆனால் வந்தவர்களை வாசலோடு அனுப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் நீங்கள் படிக்கப்போவது பாதி டிப்ஸ், பாதி கதை. எது உங்களுக்குப் பயன்படுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சொட்டும் குழாயை அன்றே சரிசெய்யுங்கள்

நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாள் முழுக்கச் சொட்டினால் வாளிக் கணக்கில் போகும். குழாயின் உள்ளே இருக்கும் வாஷரின் விலை ஒரு டீயைவிடக் குறைவு. மோட்டார் ஓடும் நேரமும் மிச்சம்.

நாலு வரி முடிந்துவிட்டது. ஆனால் குழாய் என்று எழுதினால் அதை மூட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. மூட வந்தவர் ஜெயகிருஷ்ணன். அவரை எப்படி அறிமுகப்படுத்துவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஜெயகிருஷ்ணன் ஒரு கஞ்சன்." (வேண்டாம். கஞ்சனை வைத்து வேண்டிய மட்டும் சிரித்தாயிற்று. தவிர, அவர் கஞ்சனும் இல்லை.)

"தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, இடப்பக்கம் மூன்றாவது தெருவில் நுழைந்தால்..." (விலாசம் கேட்டு யார் வரப்போகிறார்கள்?)

"வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள்தான் ஜெயகிருஷ்ணன் தன் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்தார்."

இது இருக்கட்டும். படப்பைக்கு அப்பால் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர் அவர். சீட்டு இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போனதில்லை. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ், இரவு எட்டுக்குத் திரும்புவது. அப்படிப்பட்ட மனிதர் தை மாதம் ஓய்வு பெற்று, ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்குத் தன் வீட்டு வராண்டாவில் நின்றார். எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. சொந்த வீட்டில் இத்தனை நாளும் சீட்டில்லாமல் எல்லாமே வெளியே போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

2. வேண்டியதை எழுதிவைத்து வாங்குங்கள்

பட்டியல் இல்லாமல் கடைக்குப் போகிறவர்கள் பசியோடு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி. இலையில் மிச்சம் கட்டாயம் இருக்கும்.

ஜெயகிருஷ்ணன் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார். தலைப்பு: நிறுத்த வேண்டியவை. அதன் கீழே வாரத்துக்கு ஒன்றிரண்டு வரி ஏறியது. 'குடிநீர் மெஷின் கழிவுத் தண்ணீர்: வாளியில் பிடித்துத் தரை துடைக்க.' 'டி.வி. பெட்டி: ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, சுவர் சுவிட்சிலும் நிறுத்தவும்.' 'பால் முக்கால் லிட்டர் போதும்.' 'குக்கர் விசில் மூன்று. ஐந்து அல்ல.'

கடைசி வரியைப் படித்தபோது கோகிலவாணிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கோகிலவாணி அவர் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வயது ஐம்பத்தாறு, இப்போது மே மாத விடுமுறையில் இருக்கிறாள்.

(அவரை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும் ஏன் எழுதுகிறேன் என்று யாராவது கேட்பீர்கள். கதையை இவள் பக்கத்தில் நின்று சொல்கிறேன். இவளுக்கு அவர் 'அவர்', எனக்கு இவள் 'அவள்'. எங்களுக்குள் ஒரே வயது.)

"மூணு விசில்ல துவரம்பருப்பு வேகாதுன்னு சொல்லணும்னா வாயால சொல்றதா, நானும் எழுதி ஒட்டறதா?" என்று கேட்டாள்.

"அப்போ நாலு" என்று அவர் பேனாவை எடுத்துத் திருத்தினார். எதையும் வாயால் சொல்லத் தெரியாத மனிதர். இது கதைக்கு முக்கியம், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

3. ஆளில்லாத அறையில் விளக்கும் மின்விசிறியும் ஓடக்கூடாது

இந்த வழியை எழுதும்போதுதான் அந்த வீட்டின் அமைப்பைப் பார்த்தேன். பார்த்த பிறகு டிப்ஸ் எழுத முடியவில்லை.

கீழே ஒரு வீடு. மேலே அதே அளவில் இன்னொரு வீடு. நடுவில் தெருவைப் பார்த்தபடி, வெளிப்பக்கமாக ஏறும் மாடிப்படி. பின்னாளில் வாடகைக்கு விடலாம் என்று நம் புறநகர்களில் எல்லோரும் கட்டுவது போலக் கட்டியது. கட்டி முடித்த வருடம் அவர்கள் மகள் விஷ்ணுப்ரியா பிளஸ் டூ. படிக்க அமைதி வேண்டுமென்று அவளை மாடிக்கு அனுப்பினார்கள். விடியற்காலை எழுந்து படிக்கும் பெண்ணுக்குத் துணையாகக் கோகிலவாணியும் தலையணையோடு மேலே போனாள்.

பரீட்சை முடிந்தது. பொத்தேரியில் கல்லூரி, அப்புறம் விடுதி, அப்புறம் புனேயில் வேலை, கல்யாணம். மகளுடைய பொருள்கள் ஒவ்வொன்றாக அந்தப் படியில் இறங்கிப் போயின. கோகிலவாணியின் தலையணை மட்டும் இறங்கவில்லை. பதினோரு வருடம் ஆகிறது.

சண்டையா என்று கேட்காதீர்கள். சண்டை இருந்தால் சமாதானம் என்று ஒன்றும் இருந்திருக்கும். காலை ஐந்தரைக்கு அவள் கீழே வந்து சமைப்பாள். இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். கரண்ட் பில், கல்யாண மொய், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று எல்லாம் பேசுவார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் மேலே போய்விடுவாள், அவர் கீழே கதவைச் சாத்துவார். "கீழ வந்துடேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநிமிடம் வந்திருப்பாள். அவர் சொல்லவில்லை. தானாக இறங்கலாம் என்றால், அந்தப் படி தெருவைப் பார்த்து இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் அவளிடம் கணக்குப் படித்தவர்கள். ஊர் பார்க்கத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எப்படி இறங்குவாள்?

எனவே அவள் காத்திருந்தாள். பதினோரு வருடம். நான் எழுதுகிறவள், எதையும் மிகைப்படுத்துகிறவள். ஆனால் இதை மிகைப்படுத்தவில்லை.

4. போன் கட்டணத்தைக் கவனியுங்கள்

மாதம் முழுக்க எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்று வந்தபிறகு இந்த வழிக்கு வேலையில்லை. ஆனால் இவர்கள் வீட்டில் பழைய வழக்கம் ஒன்று இன்னும் உண்டு. ஒரு மிஸ்டு கால் என்றால் காபி தயார். இரண்டு என்றால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். மூன்று என்றால் மோட்டாரை நிறுத்து. பேசினாலும் காசு போகாது என்று தெரிந்தும் இருவரும் மணியடித்துத் துண்டித்துக்கொண்டே இருந்தார்கள்.

(அமலராணிக்கு: இதை வெட்டினால் வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்தாவதை வெட்டாதீர்கள்.)

5. காய்கறியைச் சந்தையில் வாங்குங்கள்

மாசி மாதம் பட்டியலில் ஒரு வரி ஏறியது. 'காய்கறி: தள்ளுவண்டியில் வாங்க வேண்டாம். தாம்பரம் மார்க்கெட். கோகிலா போனால் பஸ்ஸுக்குக் காசில்லை.'

சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா, அந்தக் கணக்கு. அவளுக்குச் சுருக்கென்றது. காசு மிச்சம் பிடிக்கத் தன்னைத் தனியாகச் சந்தைக்கு விரட்டுகிறார் என்று நினைத்தாள். சனிக்கிழமை மாலை பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனால், பின்னாலேயே அவரும் வந்து நின்றார்.

"நீங்க எதுக்கு? உங்களுக்கு டிக்கெட் உண்டே."

"பை கனக்கும்" என்றார்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவர் அவள் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். கேம்ப் ரோடு தாண்டும்போது குனிந்து, "அந்த போர்டப் பாரு. பல்லுக்கும் அவர்தான் டாக்டர், பாதத்துக்கும் அவர்தான்" என்றார். அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பெரிய நகைச்சுவை ஒன்றுமில்லை. ஆனாலும் சானடோரியம் பக்கம் எந்தக் காலத்திலோ ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போனதற்குப் பிறகு இருவரும் ஒரே வண்டியில் ஏறியது அன்றுதான்.

சண்முகம் ரோட்டு மார்க்கெட்டில் அவர் ஒவ்வொரு வெண்டைக்காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்தார். கடைக்காரம்மா, "சார், நீ ஒட்ச்சதெல்லாம் யாரு வாங்குவா, நானே துன்னுவேனா?" என்று கேட்டதும் பயந்துபோய் இரண்டு கிலோவாக வாங்கிவிட்டார். திரும்பி வரும் வழியில் ஆளுக்கு ஒரு டீ, இருவருக்கும் சேர்த்து ஒரு கொய்யாப்பழம். அதை அவர்தான் கீற்றுப் போடச் சொல்லி, மிளகாய்த்தூளை அவள் பக்கம் மட்டும் தூவச் சொன்னார். அவளுக்குக் காரம் பிடிக்கும் என்பது அவருக்கு நினைவிருந்தது.

இரண்டாவது வாரமே கணக்கு டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. அவர் டிக்கெட், டீ, கொய்யா, வாடிப்போன வெண்டைக்காய் எல்லாம் சேர்த்தால் தள்ளுவண்டிதான் மலிவு. அவள் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் நல்ல புடவையாக உடுத்தத் தொடங்கினாள்.

6. சும்மா கிடக்கும் இடத்தைப் பயன்படுத்துங்கள்

மே மாதம் முதல் ஞாயிறு. புனேயிலிருந்து மகள் போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"அப்பா, உங்க லிஸ்ட் போட்டோவ அம்மா அனுப்புனாங்க. குழாய், விசில்லாம் இருக்கட்டும். மாடிய வாடகைக்கு விடுங்க. மாசம் பதிமூணாயிரம் வரும். அம்மா கீழ வந்துடட்டும். ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு வீடு?"

ஜெயகிருஷ்ணன் பிரிட்ஜ் கதவில் இருந்த பட்டியலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"எனக்கென்ன, விட்டா விடட்டும்" என்றாள் கோகிலவாணி, கறிவேப்பிலை உருவிக்கொண்டே. குரலை அவ்வளவு அலட்சியமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று பகலில் அவள் மாடிக்குப் போய்ப் பீரோவைத் திறந்தாள். குடித்தனம் வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புடவைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். பழைய வினாத்தாள்களைக் கட்டி ஓரமாக வைத்தாள். அலமாரித் தட்டுகளைத் துடைத்து, புதுக் காகிதம் விரித்தாள். ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்தாள். இனி படியிறங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். "மாடிய வாடகைக்கு விட்டிருக்கோம்" என்றால் தெருவே ஒத்துக்கொள்ளும். சிக்கனத்தைப் போல மானத்தைக் காப்பாற்றும் காரணம் வேறில்லை.

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். நான் எழுதினால் அது முடிந்துவிடும்.

7. தரகு இல்லாமல் பேசி முடியுங்கள்

புதன்கிழமை காலை வாசலில் தனக்கோடி வந்து நின்றாள். அந்தத் தெருவின் இஸ்திரி வண்டி அவளுடையது. இஸ்திரியைவிட வீடு பிடித்துக்கொடுப்பதில்தான் அவளுக்கு வரும்படி. கோகிலவாணி மாடிப்படியின் மேல்தட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"பாப்பா புனாலர்ந்து போன் போட்டுச்சு சார். மாடி சும்மா கீதாமே. பார்ட்டிய இட்டாந்துட்டேன். தெருமொனைல பைக்ல குந்திகினு கீறாங்க. புருசன் பொஞ்சாதி, ஒரு கொயந்த. அட்வான்ஸக் கைலயே வச்சிகினு கீறாங்க."

"இல்லம்மா. மாடி விடறதா இல்ல" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"இன்னா சார் சொல்ற? தனி மீட்டரு, தனி படி. ரெண்டு ரூவா கொத்தமல்லிக்கு மார்க்கெட்டுக்குப் போற ஆளு நீ, பதிமூணாயிரம் வேணாங்கிற?"

"மேல கோகிலா இருக்கா."

"டீச்சரம்மா கீய வந்துட்டா ஆச்சு."

கோகிலவாணி ஒரு துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"வேணாம். அவ மேலயே இருக்கட்டும்" என்றார். "இது இப்படியே இருக்கட்டும்மா. அவங்களுக்கு வேற வீடு காட்டு."

"பேஜாரு புட்ச்ச வூடு சார் இது" என்று சொல்லிவிட்டுத் தனக்கோடி போனாள்.

அவ மேலயே இருக்கட்டும். பதினோரு வருடமாகச் சந்தேகமாக இருந்ததற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது என்று கோகிலவாணி நினைத்தாள். பதிமூணாயிரம் கொடுத்தாலும் தன்னைக் கீழே சேர்த்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்து, புடவைகளை ஒவ்வொன்றாக மறுபடி பீரோவில் வைத்தாள். அழுதாள். நான் அதை எழுத நினைத்து ஆரம்பித்த வாக்கியம்: "அவள் கண்களிலிருந்து..." (முடிக்க முடியவில்லை. அழுதாள், அவ்வளவுதான்.)

அந்தச் சனிக்கிழமை தலைவலி என்று சொல்லி மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அவரும் போகவில்லை. தள்ளுவண்டியில் கத்தரிக்காய் வாங்கினார்.

8. கடுகு போன இடம்

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். சொட்டு நீரையும் குக்கர் விசிலையும் எண்ணிய மனிதருக்குத் தன் வீட்டில் முழுப் பூசணிக்காய் போய்க்கொண்டிருப்பது தெரியவில்லையா? எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவரைக் கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தூக்குவதற்கு முன் அவர் பக்கமும் ஒரு பத்தி போய்வருவதுதான் நியாயம். வாருங்கள்.

[விஷ்ணுப்ரியா விடுதிக்குப் போன வாரம் அது. கோகிலவாணி படியில் நின்று யாரிடமோ போனில், "மேல இருந்தா நிம்மதியா இருக்குப்பா, ஒரு தொந்தரவு இல்ல" என்று சொன்னது ஜெயகிருஷ்ணன் காதில் விழுந்தது. விடைத்தாள் திருத்துவதைப் பற்றிச் சக டீச்சரிடம் சொன்னது அது. அவருக்கு அது தெரியாது. தன் குறட்டையைப் பற்றி மட்டும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தன் சத்தத்தைச் சகித்தவளுக்கு இப்போதாவது நல்ல தூக்கம் கிடைக்கிறது என்று எண்ணிக்கொண்டார். அதன்பின் அந்த மாடி அவருக்கு வீட்டின் பகுதி இல்லை. அவளுக்கு அவர் கொடுத்தது. கொடுத்ததைப் பதிமூணாயிரத்துக்குத் திருப்பிக் கேட்பாரா?]

ஆக, அவள் இறங்க வழி கிடைத்தபோது அதை அடைத்தவர் அவரே, அவள்மேல் இருந்த பிரியத்தால். இதைக் கண்டுபிடித்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

முடிவுக்கு மூன்று வழி பார்த்தேன்.

முதல் முடிவு: மகள் விமானத்தில் வந்து, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கிறாள். (பெற்றவர்களைப் பிள்ளைகள் சேர்த்துவைத்தால் அந்த நன்றியை ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.)

இரண்டாவது: அவர் வழுக்கி விழுகிறார். பார்த்துக்கொள்ள அவள் கீழே வருகிறாள். (இருவரைச் சேர்க்க ஒருவரின் காலை உடைப்பது எங்கள் தொழிலில் சகஜம். என் கைக்கு அது வரவில்லை.)

மூன்றாவது: மாடி மின்விசிறி பழுதாகிறது. அவர் வேண்டுமென்றே ஆள் கூப்பிடுவதில்லை. (அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் இவ்வளவு வருடம் ஆகியிருக்காது.)

மூன்றையும் கிழித்துப் போட்டேன். காகிதம் வீண்.

9. ஒன்று போதும் என்றால் இரண்டு வேண்டாம்

கோகிலவாணி எட்டு நாள் பொறுத்தாள். ஒன்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கீழே இறங்கி வந்தாள். ஜெயகிருஷ்ணன் கூடத்திலும் படுக்கையறையிலும் மின்விசிறியை நிறுத்த மறந்து பால் வாங்கப் போயிருந்தார். பிரிட்ஜ் கதவில் 'நிறுத்த வேண்டியவை' தொங்கியது. அதில் இதுவரை அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

எழுத வேண்டுமென்று வந்தாளா என்றால், இல்லை. வந்து நின்ற பிறகு தோன்றியது. இந்த மனிதருக்கு ஒரு பாஷைதான் தெரியும், சரி, அதிலேயே பேசிவிடுவோம் என்று நினைத்தாள். கூடத்தில் மாட்டியிருந்த அவள் பள்ளிக்கூடப் பையில் இருந்தது டீச்சர்களின் சிவப்புப் பேனா. கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்:

'ரெண்டு ரூம்ல ரெண்டு ஃபேன் எதுக்கு? ஒண்ணு போதும்.'

எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி வேகமாகப் படியேறி மேல்தட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலும் பிரிட்ஜ் கதவும் தெரியும்.

அவர் வந்தார். பாலை வைக்கக் கதவைத் திறக்கப் போனவர் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். படியில் கோகிலவாணி கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

அவர் நேராகக் கூடத்துக்குப் போய் அங்கே ஓடிய மின்விசிறியை நிறுத்தினார். படுக்கையறைக்குப் போய் அங்கே ஓடியதையும் நிறுத்தினார். இரண்டு சத்தமும் அடங்கியது மேல்தட்டு வரை கேட்டது. இரண்டில் எது போதும் என்று அவள் எழுதவில்லை என்பதால், தவறிவிடக் கூடாதென்று இரண்டையும் நிறுத்திவிட்டார். பிறகு பழைய பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அக்னி நட்சத்திரத்து மாலை, காற்றே இல்லை. பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அவள் முதன்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள், செய்துவிட்டோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

மேலேயிருந்து அதைப் பார்த்தபோது கோகிலவாணிக்குப் புரிந்தது. இந்த மனிதருக்குத் தன்னை வேண்டாம் என்று சொல்லவே தெரியாது. வா என்று சொல்லவும் தெரியாது. தான் வாயைத் திறந்து கேட்டால், கேட்டதெல்லாம் செய்வார்.

நான் இந்த இடத்தில் அழுதேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

½

அவள் எழுந்து நான்கு படி இறங்கினாள். தெருவில் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். தனக்கோடி கரிப்பெட்டியை ஊதிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்திருந்தாள். பார்க்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

"ஏங்க" என்றாள்.

அவர் விசிறுவதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இதுவரை எழுதிவிட்டேன். அடுத்த வாக்கியம் அவளுடையது. அதற்கு நான் வைத்திருந்தவை இவை:

"நான் கீழ வந்துடட்டுமா?" (அனுமதி கேட்பது போலாகிறது. சொந்த வீட்டில் அவள் எதற்குக் கேட்க வேண்டும்?)

"நீங்க மேல வாங்களேன்." (இதில் செலவே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் எனக்குப் பிடித்தால் போதுமா?)

"உங்களுக்கு ஒண்ணுமே புரியாதா?" (பதினோரு வருடமாக அவள் நெஞ்சில் இருந்தது இதுதான். சொன்னால் அவர் பதறிப்போய் மறுபடி இரண்டு மின்விசிறியையும் போட ஓடுவார்.)

எதுவும் சரிவரவில்லை. அமலராணி நேற்றும் கூப்பிட்டார். "மேடம், ஒன்பதுதான் இருக்கு. பத்தாவது எங்க?" என்றார். பாதி எழுதிவிட்டேன், மீதி என்னிடம் இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த வாக்கியம் உங்களில் யாரிடமோ இருக்கிறது. பக்கத்து அறையில், மாடியில், வேறு ஊரில், அல்லது இப்போது உங்கள் எதிரிலேயே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்ல நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று வைத்திருக்கிறீர்களே, அது. வைத்திருந்தால் அதற்கு வட்டி ஏறாது.

போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன வார்த்தை எதுவானாலும் எனக்கு எழுதி அனுப்புங்கள், கோகிலவாணியிடம் கொடுத்துவிடுகிறேன். அதுவரை அவளை நாலாவது படியிலேயே நிற்கவைத்திருக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார், கழுத்து வலிக்கும். அவளுக்கும் கால் வலிக்கும். கொஞ்சம் சீக்கிரம்.